சவாரிக்கு விட்ட குட்டி

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் எனக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. வீட்டு மெயின் பெட்டியில் செருகுகிறோமே வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை, அதைச் செய்கிறோம். ஆறு பெண்களும் இரண்டு ஆண்களும் வேலை பார்க்கிறார்கள். இந்தத் தொழிலுக்கும் குதிரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இருந்த கிறுக்கு அது, அவ்வளவுதான். நாற்பது வயது தாண்டிய பிறகு ஒரு வெள்ளைக் குதிரை வாங்கி, யூனிட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கட்டினேன். கல்யாணம், காதுகுத்து என்று யாராவது கேட்டால் ஊர்வலத்துக்குக் கூட்டிப் போவேன். மாப்பிள்ளை மேலே உட்கார்ந்திருப்பார், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நடப்பேன். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கல்யாணத்தில் என்னைக் குதிரைக்காரன் என்று நினைத்துக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. என் வருத்தம் வேறு. இத்தனை ஆசை வைத்திருந்தும் ஒரு நாள்கூட நான் ஒரு குதிரையின் மேல் உட்கார்ந்து ஓட்டியதில்லை. அந்த வெள்ளைக் குதிரை கயிற்றைப் பிடித்து நடத்தினால் நடக்கும். மேலே ஏறித் தட்டினால் மரம் மாதிரி நின்றுவிடும்.

வாங்கும்போதே அது சினையாக இருந்தது. விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு காலையில் கொட்டகையைத் திறந்தால் செவலை நிறத்தில் ஒரு பெண் குட்டி நின்றுகொண்டிருந்தது, நாலு காலும் நாலு பக்கம் விரிந்தபடி. குட்டிக்கு ஒன்றரை வயதானபோது தாய் வயிற்றுவலி வந்து ஒரே பகலில் செத்துப்போனது. அதுவரை குதிரைப் பக்கமே வராத என் மனைவி, அன்றைக்குச் சாயங்காலம் ஒரு சட்டி ஊறவைத்த கொள்ளோடு கொட்டகைக்குள் போனாள். அதற்குப் பிறகு குட்டி அவளுடையதாகிவிட்டது. யூனிட்டில் இன்னும் சுடாத பச்சைக் கட்டைகளைச் சீவித் துடைக்கிற பெண்களுக்கு அவள்தான் மேற்பார்வை. பத்து மணி டீக்கு விட்டால் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போய்விடுவாள். குட்டி அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கும்.

குட்டிக்கு மூன்று வயது ஆனதும் எனக்கு ஆசை முற்றிவிட்டது. இதைச் சவாரிக்குப் பழக்கி, காலையில் மணிமுத்தாற்று மணலில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மனைவியிடம் சொன்னேன்.

"தெரிஞ்சவங்ககிட்ட வுட்டுப் பழக்குங்க. நீங்களா எதுனா பண்ணப் போறீங்க" என்றாள்.

"நான் ஏன் பண்றேன்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயிருந்தாள். யூனிட்டில் ஆள் இல்லை. போனில் நாலைந்து வீடியோ பார்த்து வைத்திருந்தேன். முதலில் பாரத்தைப் பழக்க வேண்டும், பிறகு ஆள் ஏறலாம் என்று அவற்றில் சொன்னார்கள். களிமண் வருகிற சாக்கு ஒன்றில் பாதி மண்ணை நிரப்பிக் குட்டியின் முதுகில் வைத்தேன். கயிற்றை வயிற்றுக்கு அடியில் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டேன். குட்டி நின்றது. காதை மட்டும் பின்னால் திருப்பியது. எனக்குப் பெருமையாக இருந்தது. நாலு அடி நடத்தினேன். அடுத்த அடியில் சாக்கு ஒரு பக்கமாகச் சரிந்து, வயிற்றுக்கு அடியில் போய்த் தொங்கியது. கயிறு அறுபடவும் இல்லை, முடிச்சு அவிழவும் இல்லை.

குட்டி கத்தியது. அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒவ்வொரு தாவலுக்கும் அந்த மூட்டை அதன் பின்னங்கால்களில் மோதியது, மோத மோத இன்னும் வேகமாக ஓடியது. சூளைக்குள் சரக்கை அடுக்குவதற்கான மண் பெட்டிகளைச் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தோம். நேராக அதற்குள் பாய்ந்தது. பெட்டிகள் சரிந்து உடைந்தன. உடைந்த விளிம்பு ஒன்று அதன் வலது பின்னங்காலை முட்டிக்கு மேல் ஒரு சாண் நீளம் கிழித்தது. அப்போதும் நிற்கவில்லை. சாக்கு கிழிந்து மண்ணெல்லாம் கொட்டி, கயிற்றில் வெறும் சாக்கு ஆடுகிற வரைக்கும் ஓடிவிட்டு, மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. அருகில் போகவே எனக்கு அரைமணி நேரம் ஆனது. கயிற்றை அறுக்கும்போது அதன் தோல் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

மண்ணையும் பெட்டிச் சில்லுகளையும் கூட்டி அள்ளினேன். சாக்கையும் கயிற்றையும் குப்பை மேட்டில் அந்த உடைசலுக்கு அடியில் புதைத்தேன். மனைவி பிரசாதத்தோடு வந்து நின்றபோது மாட்டாஸ்பத்திரி டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாய் உள்ள பூந்துடுச்சு. தொரத்துனதுல கம்பி வேலியில கிழிச்சிக்கிச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேராகக் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நாளே ஆளை வைத்து வேலிக் கம்பியை எல்லாம் மாற்றினாள்.

புண் ஆறிவிட்டது. ஆறிய இடத்தில் முடி வெள்ளையாக முளைத்தது. நாலு மாதம் கழித்து, வேப்பூருக்கு உள்ளே ஒரு கிராமத்தில் குதிரை பழக்குகிறவர் ஒருவர் இருப்பதாகத் தீவனக் கடையில் சொன்னார்கள். சென்னையில் பந்தயக் குதிரை லாயத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். போனில் பேசினேன். கொண்டு வரச் சொன்னார். மினி லாரியில் மணல் பரப்பிக் குட்டியை ஏற்றிக்கொண்டு நானும் மனைவியும் போனோம்.

திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர். சுற்றி மக்காச்சோளம். நடுவில் சவுக்குக் கழி நட்டு வட்டமாக ஒரு வேலி, உள்ளே கணுக்கால் புதைகிற மணல். ஓரத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட லாயம், அதை ஒட்டியே வீடு. மெலிந்த மனிதர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் கையில் சாட்டையைத் தேடினேன். இல்லை. லாரியை விட்டுக் குட்டி இறங்கும்போது யாரையும் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு குட்டியைப் பார்க்காத மாதிரி அதன் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். குட்டியே வந்து அவர் சட்டையை மோந்தது. என் மனைவி மூச்சு விட்டாள்.

தலையிலிருந்து தொடங்கி உடம்பு முழுக்கத் தடவிக்கொண்டே வந்தவர், பின்னங்காலில் அந்த வெள்ளைக் கோட்டில் நின்றார்.

"இது என்னா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "நாய் தொரத்திச்சுங்க. கம்பி வேலியில மாட்டிக்கிச்சு. பாவம், என்னா ரத்தம் தெரியுங்களா."

அவர் என்னைப் பார்த்தார். "வேற எதுவும் இல்லியே? யாரும் ஏறிப் பாக்கல? மேல எதுனா வச்சிப் பாக்கல? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க சார். தப்பு ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரிஞ்சா போதும்."

மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "இல்லண்ணே" என்றேன்.

அறுபது நாள் கேட்டார். வாரம் ஒருமுறை வந்து பார்க்கலாம், ஆனால் வேலை நடக்கும்போது வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்றார். திரும்பி வரும்போது மனைவி காலி லாரியின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "நல்ல மனுசன்" என்றாள்.

நல்ல மனிதர்தான். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் போய் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். நீளக் கயிற்றில் குட்டியை வட்டமாக நடக்க விடுவார், நிறுத்துவார், திரும்ப வைப்பார். எல்லாம் வாய்ச் சொல்தான். அவருடைய மச்சான் கயிறு பிடிக்க வருவார். பழக்குகிறவரின் மனைவி எனக்கு டீ கொண்டுவந்து தருவார். மூன்றாம் வாரம் வாயில் கடிவாளம் போட்டுவிட்டார். குட்டி அதைச் சாக்லேட் மாதிரி மென்றுகொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "புத்திசாலி சார் இது. ஒரு தரம் சொன்னா போதும்" என்றார்.

நாலாம் வாரம் போனபோது அவர் சிரிக்கவில்லை. லாயத்துக்கு வெளியே என்னைத் தனியாக உட்கார வைத்தார்.

"முதுகுல துணி போட்டா நிக்கிது. கையால அழுத்துனா நிக்கிது. வயித்துக்கு அடியில சேணப் பட்டையக் கொண்டாந்தா மட்டும் வேற குதிர ஆயிடுது. கண்ணு மாறிடுது. இது நாய் தொரத்துன பயம் இல்ல சார். அங்க யாரோ எதுவோ பண்ணியிருக்காங்க."

அன்றைக்கு என் மனைவி கூட வரவில்லை. சுற்றிலும் ஆளே இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சாக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. மனைவியின் காதுக்குப் போகுமே. இப்படிப்பட்ட அற்பக் கணக்குகள்தான் மனதில் ஓடின, வேறு ஒன்றும் இல்லை.

"ஆளுங்க வேலைக்கு வர்றாங்க போறாங்க. நான் இல்லாதப்ப யார்னா ஏதாவது பண்ணியிருந்தா எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன்.

என்னிடம் வேலை பார்ப்பவர்கள் மேலேயும் பழியைப் போட்டேன்.

"சரி. பட்டைக்குன்னு தனியா பத்து நாள் வச்சிக்கிறேன்" என்றார்.

பத்து நாளில் குட்டி வயிற்றுப் பட்டையைக் கட்டவிட்டது. சேணம் வைத்து நடந்தது. அவர் அதன் முதுகில் குறுக்கே குப்புறப் படுத்துக்கொண்டு தொங்கினார், அதற்கும் நின்றது. ஏழாம் வாரம் போன் செய்தார். "நாளைக்குக் காலையில ஏறலாம்னு இருக்கேன் சார். நீங்க வந்தா நல்லாருக்கும்."

முதல் பஸ்ஸில் போனேன். மச்சான் ஒரு சாவுக்குப் போயிருந்தார்.

"கயிறு நீங்களே புடிங்க. உங்க மூஞ்சி அதுக்குத் தெரியும். நான் சொன்னா நடத்துங்க, சொன்னா நிறுத்துங்க. எது நடந்தாலும் கயித்த மட்டும் வுட்டுடாதீங்க. தல நம்ம கையில இருந்தா அதால ரொம்ப தூரம் போக முடியாது" என்றார்.

அன்றுதான் வேலிக்கு உள்ளே முதன்முதலாகப் போனேன். அவர் பட்டையை இழுத்தார். குட்டி மூச்சை இழுத்து வயிற்றை உப்பியது. "இன்னும் ஒரு துளை இறுக்கணும். வேணாம், இன்னிக்கி மனச நோகடிக்க வேணாம்" என்று அவர் தனக்குத்தானே சொன்னார். குட்டியின் பயத்தை மதித்து ஒரு துளை விட்டுக்கொடுத்தார். சேணத்துக்கு அடியில் கம்பளி மடித்துப் போட்டிருந்தது. ஒரு முக்காலி மேல் நின்று, பூனை மாதிரி ஏறி உட்கார்ந்தார். குட்டி அசையவில்லை. அதன் கழுத்தைத் தடவி ஏதோ முணுமுணுத்தார். வீட்டு வாசலில் அவர் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடத்துங்க."

நடத்தினேன். ஒரு வட்டம் முடிந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. இரண்டாவது வட்டத்தில் பாதி வந்திருப்போம். சேணத்துக்கு அடியிலிருந்த கம்பளி நழுவி ஒரு பக்கமாக வெளியே வந்து, வயிற்றுக்குக் கீழே தொங்குவதை நான் பார்த்தேன். மேலே இருந்தவருக்கு அது தெரியவில்லை. கீழே இருந்த எனக்குத்தான் தெரிந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். இறங்குங்க என்று கத்தியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு நேரம் இருந்தது. கம்பளி குட்டியின் பின்னங்காலில் பட்டது. குட்டி அதே சத்தத்தில் கத்தியது. நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

குட்டி பிடுங்கிக்கொண்டு போகவில்லை. நான்தான் விட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கை தானாக விரிந்துகொண்டது.

அவர் இரண்டு தாவல் வரை உட்கார்ந்திருந்தார். மூன்றாவதில் சேணம் உருண்டது. குட்டி வேலிக் கழிகளை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தபோது அவரும் சேணத்தோடு சரிந்துபோய், வேலிக்கு வெளியே இருந்த சிமெண்ட் வாய்க்கால் விளிம்பில் மல்லாக்க விழுந்தார். பெரிய சத்தம்கூட இல்லை. அவர் மனைவி ஓடிவந்தார். நானும் ஓடினேன். அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

"என்னத் தூக்காதீங்க. கால் எனக்கு இருக்குதான்னு தெரியல" என்றார். கொஞ்சம் கழித்து, "குட்டி ரோட்டுப் பக்கம் போயிடப் போவுது, பாருங்க" என்றார்.

நூற்றியெட்டு வண்டி வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை நான் என் சட்டையைக் கழற்றி அவர் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். குட்டி மக்காச்சோளத்துக்குள் நின்றுகொண்டிருந்ததை மத்தியானம் யாரோ பிடித்துக் கட்டினார்கள். மறுநாள் என் மனைவி லாரி கொண்டுபோய் அதை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்று நாலாம் நாள் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். என் மனைவி விடியற்காலையிலேயே எழுந்து ரசம் சாதமும் இட்லியும் கட்டிக் கொடுப்பாள். வார்டில் இருந்தவர்களிடம் அவர் மனைவி என்னைக் காட்டிச் சொல்வார், "குதிரைக்குச் சொந்தக்காரரு. கூடப் பொறந்தவங்கூட இப்புடி வரல." தொழில் என்றால் அடிபடத்தான் செய்யும், இவருக்கு ஏற்கெனவே தோள்பட்டை இரண்டு தரம் உடைந்திருக்கிறது, குட்டியை அடித்துவிடாதீர்கள் என்று எனக்கே ஆறுதல் சொல்வார். நான் தலையை ஆட்டிக்கொண்டு டிபன் கேரியரைக் கழுவப் போவேன்.

படுத்திருந்தவரும் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு தரம், "கயிறு உங்க கைய விட்டு எப்புடி சார் போச்சு? தோல் உரிஞ்சிருக்கணுமே" என்றார். என் உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அதைப் பார்த்தார். நான் கையை மூடிக்கொண்டேன்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் நான் மனைவியிடம் சொன்னேன். பத்து மணி டீ நேரம். அவள் கொட்டகையில் குட்டியின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தாள். சாக்கு, கயிறு, மண் பெட்டி, குப்பை மேட்டில் புதைத்தது எல்லாம் சொன்னேன். கயிற்றை விட்டதையும் சொன்னேன். சீப்பைப் பிடித்த கை நின்றுவிட்டது.

"அப்ப நாய் தொரத்திச்சின்னு அவர்கிட்ட சொன்னது நானு" என்றாள்.

"உனக்குத் தெரியாது இல்ல."

"என் வாயால சொல்ல வச்சிட்டு, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்களே."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. குட்டியின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து அந்த வெள்ளைக் கோட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு, "போய்ச் சொல்லுங்க. நான் வர மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள். அவர் வீடு திரும்பிய பிறகும் கட்டிக் கொடுத்துவந்த சாப்பாட்டை அன்றைக்கே நிறுத்திவிட்டாள். சொல்லாமல் அந்தச் சாப்பாட்டை இனி கொடுக்க முடியாது என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் போனேன். லாயத்திலேயே ஒரு கட்டில் போட்டு அவரைப் படுக்க வைத்திருந்தார்கள், வீட்டுக்குள் புழுக்கம் தாங்கவில்லை என்று. லாயத்தில் குதிரை ஒன்றும் இல்லை. அவர் மனைவி அவர் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். நடுவில் நிறுத்தினால் முடிக்க மாட்டேன் என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் முடித்த பிறகும் திறக்கவில்லை.

"மூட்ட எந்தப் பக்கம் சரிஞ்சுது?"

"வலது பக்கம்."

"கம்பளியும் வலதுதான்." பிறகு, "எவ்ளோ நேரம் ஓடுச்சு அது, அன்னிக்கி?"

"மண்ணு முழுக்கக் கொட்டுற வரைக்கும். அஞ்சு நிமிசம் இருக்கும்."

"அஞ்சு நிமிசம்" என்றார். விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே மனதுக்குள் ஏதோ போட்டுப் பார்த்தார். "சொல்லியிருந்தீங்கன்னா காலிச் சாக்க வயித்துக்கு அடியில கட்டி, தானா பழகுற வரைக்கும் மெதுவா நடக்க வுட்டிருப்பேன். இன்னும் ஒரு இருவது நாள் ஆயிருக்கும். அவ்ளோதான் சார். இருவது நாள்."

திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இருபது நாளைத்தான் தாங்க முடியவில்லை. அவர் காலைத் தொடப்போனேன். தொட்டால் அவருக்குத் தெரியாது என்பது கையை நீட்டிய பிறகுதான் உறைத்தது.

அவர் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"சாப்பாடு எடுத்துட்டு வந்தீங்களே அண்ணே, அத்தினி நாளும் இது உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்மா."

"நான் உங்களப் பத்தி எல்லார்கிட்டயும் சொன்னேனே." அவர் குரல் உயரவில்லை. "கௌம்புங்க. இனிமே இந்த வூட்டுக்கு வராதீங்க. எதுவும் குடுத்தனுப்பவும் வேணாம்."

கட்டிலில் அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். நான் மக்காச்சோளத்துக்கு நடுவில் நடந்து ரோட்டுக்கு வந்தேன். வேப்பூரில் பஸ் ஏறி, விருத்தாசலத்தில் இறங்காமல் எங்கோ போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தேன். எங்கே போனேன் என்று இப்போது நினைவில்லை.

மனைவி, "சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் இருக்கிறோம். பேசுகிறோம், யூனிட்டை நடத்துகிறோம். ஆனால் ஏதாவது ஒன்று நடந்து நான் காரணம் சொன்னால், அவள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். சூளையில் சரக்கு வெடித்தாலும் அப்படித்தான், பஸ் லேட் என்றாலும் அப்படித்தான்.

குட்டியை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் எதையும் மறைக்காமல் சொன்னேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து வந்தவர், "இப்புடிச் சொல்லி யாருங்க குதிர விப்பாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தவர், பரவாயில்லை, அடித்துப் பழக்கிக்கொள்கிறேன் என்றார். மனைவி கொட்டகைக் கதவைச் சாத்தினாள். அதோடு விற்கிற பேச்சு முடிந்தது. குட்டி இப்போது வளர்ந்த குதிரை. அவர் விழுந்த பிறகு அதன் மேல் யாரும் உட்கார்ந்ததில்லை. காலையில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு வருவேன். எதிரில் வருகிறவர்கள், எப்ப சவாரி என்று கேட்பார்கள்.

அந்த வருடம் போய் அடுத்த ஆடியில், நான் எதிர்பார்க்காத ஒரு மத்தியானம் குதிரை பழக்குகிறவரிடமிருந்து போன் வந்தது. சக்கர நாற்காலியில் உட்காரப் பழகிவிட்டதாகச் சொன்னார். வட்ட வேலியைச் சரிசெய்து, நடுவில் அவர் உட்கார்ந்துகொண்டு சொல்ல, மச்சான் குட்டிகளைக் கயிற்றில் பழக்குகிறாராம். ஏறுகிற வேலை மட்டும் எடுப்பதில்லையாம்.

"இப்பல்லாம் கொண்டாந்து வுடுறவங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்குறது இல்ல சார்" என்றார். "எல்லாக் குட்டியையும் கெட்ட குட்டின்னு வச்சிக்கிட்டுதான் ஆரம்பிக்கிறேன். நாள் கூடுதலா ஆவுது. ஆவட்டும்."

"அண்ணே" என்றேன்.

"வயித்துக்கு அடியில கை வைக்க வுடுதா அது?"

"என்னைய வுடாதுண்ணே. என் சம்சாரத்தத்தான் வுடுது."

"அவங்களையே காலிச் சாக்க வச்சிப் பழக்கச் சொல்லுங்க. கட்டக் கூடாது. கையில புடிச்சிக்கிட்டு சும்மா தடவணும், அவ்ளோதான். அவசரமே இல்ல."

பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது. "யாருங்க போன்ல?"

"தீவனக் கடைக்காரரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் சொன்னதை என் மனைவியிடம் அப்படியே சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு காலிச் சாக்கை எடுத்து உதறி, வெயிலில் காயப் போட்டாள்.